மருமகன் எடுத்த இரத்தம்

என்னுடைய இரத்தத்தை நான் முதன்முதலாக ஒழுங்காகப் பார்த்தபோது அது தேங்காய்ப் பால் போல இருந்தது. கழுவிப் பிழிந்த மூன்றாம் பால் அல்ல, நல்ல கெட்டியான முதற் பால்.

காட்டியவர் என் மருமகன் முஸ்தாக். மாமனாருக்குக் காட்ட மருமகனிடம் எத்தனையோ நல்ல விஷயங்கள் இருக்கும். புதிதாக வாங்கிய மோட்டார் சைக்கிளைக் காட்டலாம், சம்பள உயர்வுக் கடிதத்தைக் காட்டலாம். என் மகள் ஸம்றாவைக் கட்டி முப்பத்தைந்து நாள்தான் ஆகியிருந்தது. அவர் ஒரு கண்ணாடிக் குழாயைத் தூக்கி, யன்னல் வெளிச்சத்தில் பிடித்து, "மாமா, இது நீங்க" என்றார்.

அவரில் பிழையில்லை. அரசாங்க ஆஸ்பத்திரியில் இரத்தம் பரிசோதிக்கும் வேலை அவருக்கு. சம்பந்தம் பேசும்போது அதைக் கேட்டு நான்தான் பெருமைப்பட்டேன். "வீட்டுக்குள்ளயே ஒரு லெப் வருது" என்று கல்முனை பஸாரில் என் புடவைக்கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னேன். அந்த லெப் எனக்குத்தான் முதலில் ஊசி குத்தும் என்று யாருக்குத் தெரியும்.

கதையைக் கொஞ்சம் பின்னாலிருந்து சொல்ல வேண்டும். தொண்ணூற்றேழாம் ஆண்டு, பெருநாளுக்கு முந்திய கிழமை, பாத்தும்மா என்றொரு வாடிக்கைக்காரி கடைக்கு வந்தாள். பதினாலு கட்டுத் துணியை விரிக்க வைத்தாள். பதினைந்தாவதை நான் இறாக்கையிலிருந்து இறக்கும்போது நெஞ்சில் ஒரு மாட்டு வண்டி ஏறி நின்றது. இவ்வளவு விரித்தும் ஒன்றும் வாங்காமல் போகப் போகிறாளே என்ற கவலைதான் வலிக்கிறது என்று நினைத்தேன். பாலில்லாமல் இஞ்சி போட்ட பிளேன்ரீ ஒன்று குடித்தேன். அதற்குப் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது ஆஸ்பத்திரி முகடும், என் மனைவி ஹாஜறா யாஸீன் ஓதிக்கொண்டிருந்த சத்தமும்தான்.

மாரடைப்பு. பிழைத்தேன். வீட்டுக்கு அனுப்பும்போது வைத்தியர் ஒன்றைச் சொன்னார். அதைப் பகிடியாக்க எவ்வளவோ முயன்றும் இன்றுவரை என்னால் முடியவில்லை.

"இன்னொருதரம் வந்தா, இந்த ரோட்டில, இத்தின செக் பொயின்ட்டையும் தாண்டி, உங்களக் கொழும்புக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க ஏலாது. அதனால வர விடாதீங்க. மருந்து பாதிதான் செய்யும். மிச்சப் பாதி உங்கட வாய்க்குள்ள இரிக்கி."

அதன்பின் ஹாஜறா என் வாய்க்குக் காவல் போட்டாள். நெய் போயிற்று, மாட்டிறைச்சி போயிற்று. எருமைத் தயிரும் அதன்மேல் ஊற்றும் பாணியும் போனபோது நான் மையத்து கிடக்கும் சாவு வீட்டில் இருப்பவன் போல ஒரு நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்தேன். தவிட்டரிசிச் சோறு, கீரை, அவித்த மீன். எட்டு மாதம் கட்டுப்பாடு. காலையில் கடற்கரைவரை நடந்து திரும்பினேன். நெஞ்சு நோகவில்லை. பாத்தும்மா மறுபடி வந்து இருபது கட்டு விரிக்க வைத்தாள், நான் சாகவில்லை. அதைவிடப் பெரிய பரிசோதனை எந்த ஆஸ்பத்திரியிலும் கிடையாது.

பிறகு கலியாணம் வந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணம் முடித்த ஆண்பிள்ளை பெண்வீட்டுக்கு வந்துவிடுவார். வந்த மருமகனை எங்கள் குடும்பத்தில் முதல் நாற்பது நாளும் தனியே சாப்பிட விடமாட்டோம். வீட்டு ஆண் ஒருவர் அவரோடு ஒரே சஹனில் கை வைக்க வேண்டும். சஹன் என்றால் பெரிய வட்டத் தட்டு. ஆறு பேர் சுற்றி இருந்து, அவரவர் பக்கத்துச் சோற்றை அவரவர் சாப்பிடுவது. நடுவில் இறைச்சி மலை. எனக்கு ஆண் மக்கள் இல்லை. ஆக வீட்டு ஆண் என்பது நான், நான், மறுபடியும் நான். ஹாஜறாவின் காவல் ஆண்கள் சாப்பிடும் அறைக்குள் வராது.

இதோடு சொந்தக்காரர் வீட்டு விருந்துகள். நற்பிட்டிமுனையிலிருந்து நிந்தவூர்வரை ஒரு வீடு விட்டால் அடுத்த வீடு கோபிக்கும். ஒரு நாளைக்கு இரண்டு வீடு போன நாள்களும் உண்டு. நெய்ச்சோறு, பொரித்த கோழி, மாட்டிறைச்சி, கடைசியில் இனிப்புக்கு வட்டிலப்பம். எல்லா வீட்டிலும் எங்கள் பக்கம் எடுத்து வைத்தது ஈரல் துண்டுதான், ஆக்கிய விதம்தான் வேறு. இதில் இன்னுமொரு சட்டம் இருக்கிறது. சஹனில் மூத்தவர் கையை எடுத்தால் இளையவரும் எடுத்துவிடுவார். அதாவது நான் நிறுத்தினால் புது மாப்பிள்ளை அரை வயிற்றோடு எழும்ப வேண்டும். என் மகளைக் கட்டியவரை என் கையாலேயே பட்டினி போடுவதா? ஆகவே நான் நிறுத்தவில்லை. முஸ்தாக்கும் நிறுத்தவில்லை. பிள்ளை நல்லாச் சாப்பிடுகிறது என்று நான் மனதுக்குள் சந்தோஷப்பட்டேன்.

பதினெட்டாவது விருந்திலிருந்து நெஞ்சு மறுபடி இறுக்கத் தொடங்கியது. கை கழுவப் போகிற சாட்டில் கிணற்றடிக்குப் போய், நாக்குக்கு அடியில் வைக்கும் குளிசையை வைத்து, வாளியைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். பிறகு சிரித்துக்கொண்டு வந்து வட்டிலப்பத்துக்கு முன்னால் குந்துவேன். ஹாஜறாவுக்குச் சொல்லவில்லை. சொன்னால் விருந்துகளை நிறுத்துவாள். நிறுத்தினால், பெண்ணைக் கொடுத்து முடிந்ததும் மாப்பிள்ளை வீட்டாரை மதிக்கவில்லை என்று ஊர் கதைக்கும். ஊர் கதைப்பதற்கும் நான் செத்து மவுத்தாவதற்கும் இடையில் ஒன்றைத் தெரிவுசெய்யச் சொன்னால், எங்கள் ஊரில் யாரும் உடனே பதில் சொல்ல மாட்டார்கள்.

இருபத்தாறு விருந்து முடிந்த கையோடு கிளினிக் நாள் வந்தது. இரத்தத்தில் கொழுப்புப் பார்க்க எழுதிக்கொடுத்தார்கள். அடுத்த நாள் காலையில் லெப்புக்குப் போனேன். முஸ்தாக்தான் ஊசி குத்தினார். மாமனாருக்குக் குத்துகிற கை நடுங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரு நூலளவும் நடுங்கவில்லை. எனக்கு அது கொஞ்சம் கவலையாகத்தான் இருந்தது.

"வெறும் வயித்தோடயா வந்தீங்க மாமா?"

"ஓம்."

"ஒண்டும் தின்னல்லையே?"

"இல்ல. ஒரு சொட்டுத் தயிர் மட்டும். அது சாப்பாட்டில சேராதே."

அவர் குழாயைச் சுற்றும் யந்திரத்தில் வைத்தார். பத்து நிமிடத்தில் எடுத்துவந்து யன்னலடியில் பிடித்தார். அப்போதுதான் அந்தத் தேங்காய்ப் பால். அடியில் பாதி கருஞ்சிவப்பு. அதற்கு மேல் வெள்ளை வெளேரென்று என் முப்பத்தைந்து நாளும் நின்றன.

பக்கத்தில் இன்னொரு குழாயையும் பிடித்தார். அதில் மேல்பாதி தெளிந்த இளமஞ்சளாக, அப்பால் இருக்கும் தென்னை மரம் தெரிகிற மாதிரி இருந்தது.

"இது ஆர்ர?"

"என்ர. ஒப்பிட்டுப் பார்க்க எடுத்தன். உங்கட குழாய்க்குப் பின்னால புத்தகம் வைச்சா எழுத்துத் தெரியா மாமா. தயிர் ஒரு சொட்டில்ல."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. "இது எல்லாம் நெஞ்சுக்க ஓடுதா?" என்று கேட்டேன்.

"நெஞ்சுக்க, மூளைக்க, கண்ணுக்க. எல்லாத்துக்குள்ளயும்."

லெப்பில் அப்போது வேறு யாரும் இல்லை. முஸ்தாக் என் இரத்தத்தில் ஒரு துளியைக் கண்ணாடித் துண்டில் இழுத்து, ஊதா மருந்து ஊற்றிக் கழுவி, நுணுக்குக்காட்டிக்கு அடியில் வைத்தார். "குனிஞ்சு பாருங்க" என்றார்.

முதலில் என் கண்மயிர்தான் தெரிந்தது. பிறகு அவர் எதையோ திருகினார்.

பொத்தான்கள். முப்பது வருஷம் புடவைக்கடை வைத்திருக்கிறவனுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. நடுவில் குழி விழுந்த, இளஞ்சிவப்பான, ஆயிரமாயிரம் பொத்தான்கள், யாரோ பெட்டியோடு கவிழ்த்துக் கொட்டியது போல. அவற்றுக்கு நடுவில் பெரிதாக ஒன்று. அதற்குள் ஊதா நிறத்தில் மடிந்து மடிந்து ஒரு முடிச்சு.

"அது வெள்ளைக் கலம், வெள்ளை அணு எண்டும் செல்ற. உங்கட காவல்காரன்" என்றார் முஸ்தாக். "அந்த ஊதா முடிச்சுக்குள்ளதான் உங்கள எப்படிச் செய்ற எண்டு எழுதின நூல் இரிக்கி. மூக்கு, தலைமயிர், எல்லாம்."

"தலைமயிர் எழுதின பக்கத்தக் கரப்பான் தின்டிருக்கு."

"அந்த நூல உருவி நீட்டினா உங்களவிட உயரமா இரிக்கும். ஆறடிக்கும் மேல."

நான் கண்ணை எடுத்து அவரைப் பார்த்தேன். பகிடி விடுகிற முகம் இல்லை. மறுபடி குனிந்தேன். துணி மடிப்பதில் என்னை வெல்ல பஸாரில் ஆளில்லை. விரித்த பட்டுச் சேலையை ஏழு செக்கனில் மடிப்பேன், கரை பிசகாது. ஆனால் ஊசிமுனைக்குள் எத்தனையோ அடங்கும் அந்தப் பொட்டுக்குள் ஆறடியை மடித்து வைத்து, அதில் ஒரு எழுத்தும் அழியாமல், ஒவ்வொரு பொட்டுக்குள்ளும் அதையே மறுபடி மறுபடி. "சுப்ஹானல்லாஹ்" என்று வந்த சத்தம் எனக்கே கேட்கவில்லை.

இந்த ஐம்பத்திரண்டு வயதுக்குள் நான் கடை திறந்தேன், பூட்டினேன், தூங்கினேன், பேரம் பேசினேன், மற்றவர்களைப் பற்றி வம்பளந்தேன். உள்ளே இவர்கள் ஒரு நாள்கூடக் கடை பூட்டவில்லை. நான் அவர்களுக்கு அனுப்பிய கூலி ஈரல் துண்டு.

"கலம் தேஞ்சா புதுசு வரணும்" என்று முஸ்தாக் சொல்லிக்கொண்டு போனார். "ஒண்டு ரெண்டாப் பிரியும். பிரியக்கொள்ள அந்த நூலப் பார்த்து இன்னொரு நூல் எழுதணும். எழுதக்கொள்ள ஒவ்வொரு முறையும் கடைசிக் கொஞ்சம் எழுதப்படாமப் போயிடும். கொழும்பில ஒரு வகுப்புக்குப் போன நேரம் படிப்பிச்சாங்க."

"கத்தரிக்கோலுக்க போற துணி மாதிரி" என்றேன்.

"எப்படி?"

"கட்டுத் துணியில வெட்டுக்கு வெட்டு ஒரு விரல் போகும். அதுக்காகத்தான் கடைசியில பூப் போடாம வெறும் துணி விட்டு நெய்வான். பூவில கை வைக்கப்படாது எண்டு."

முஸ்தாக் என் பக்கம் திரும்பினார். "அதேதான் மாமா. நூல்ர நுனியிலயும் எழுத்தில்லாத வெறும் ஓரம் ஒண்டு இரிக்கி. வெட்டு எல்லாம் அதிலதான் விழும். ஓரம் முடிஞ்சா, பூவில வெட்டு விழ முந்தி கலம் தானாவே நிப்பாட்டிடும். அங்கால பிரியாது. கிழவனாப் போச்சு."

"அப்ப வயசு எண்டது பிறந்த திகதியில இல்லையா?"

"ஒரு திகதி அடையாள அட்டையில இரிக்கி. இன்னொண்டு இதுக்குள்ள. இரத்தக் குழாய்ர உட்சுவரில, இரத்தம் மோதி மோதி அடிக்கிற இடங்களில ஓரம் கூடக் குறைஞ்சிரிக்கிறதச் சில பேர் கண்டிருக்காங்க. அங்க காயம் கூட. காயம் கூடினா பிரியிறதும் கூட."

"நெய்ச்சோறு?"

"சாப்பாட்டுக்கும் அந்த ஓரத்துக்கும் உள்ள தொடர்ப இன்னும் ஒத்தரும் சரியா அளந்து செல்லல்ல. செல்லாதத நான் செல்லக் கூடா. ஆனா இந்தப் பால் குழாய்ச் சுவரில படியும், புண்ணாக்கும், அது மட்டும் நிச்சயம். புண் குறைஞ்சா வெட்டும் குறையும் எண்டு நான் நினைக்கன். நினைக்கிறதுதான்."

"எனக்கு இன்னும் எத்தின விரல் மிச்சம்?"

"அத அளக்கிற சாமான் எங்களுக்கிட்ட இல்ல மாமா." அவர் கண்ணாடித் துண்டை மெதுவாக எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே, என்னைப் பார்க்காமல், "கிணத்தடியில குளிசை வைக்கிறத நான் கண்டன். மூணு வீட்டில" என்றார்.

என் கை தானாகச் சட்டைப்பையிலிருந்த குளிசையைத் தடவியது.

"கண்டுபோட்டு ஏன் செல்லல்ல?"

"எப்படிச் செல்ற? நீங்க தின்னுறீங்க. நான் கைய எடுத்தா மாமாவக் குத்திக் காட்டின மாதிரி. நீங்க எடுத்தா நான் உடனே எடுப்பன் எண்டு இரிந்தன்."

"நான் எடுத்தா நீங்க பசியோட எழும்புவீங்க எண்டுதான் நான் எடுக்கல்ல."

"எனக்குப் பசியா?" என்றார். "ரெண்டாம் கிழமையிலிருந்து எனக்குச் சோத்தக் கண்டா வயித்தப் பிரட்டுது. ஸம்றாக்கிட்டக் கேளுங்க. இரவைக்கு இஞ்சித் தண்ணி குடிச்சிட்டுத்தான் படுக்கன்."

ஆக, முப்பத்தைந்து நாள், இரண்டு ஆண்கள், ஒருவரை ஒருவர் கௌரவித்துக் கொல்லப் பார்த்திருக்கிறோம்.

அடுத்த வெள்ளிக்கிழமைதான் கடைசி விருந்து. அதுதான் பெரியதும். சாய்ந்தமருதில் முஸ்தாக்கின் தகப்பனாருக்கு மூத்தவரான பெரிய வாப்பா மீராமுகைதீன் வீட்டில். வயற்காணி முப்பது ஏக்கர், குரல் அதைவிடப் பெரியது. ஒரு மாட்டை முழுதாக அறுக்கிறார் என்று செய்தி வந்தது. ஹாஜறாவிடம் இம்முறை எல்லாவற்றையும் சொன்னேன், பால், பொத்தான், கிணற்றடி எல்லாம். கிணற்றடியைச் சொன்னபோது முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். நான் ஆறுதல் சொல்லப் போனேன். அடித்தாள். சின்ன அடி.

"போங்க. ஆனா கை வைக்கப்படா" என்றாள்.

"போய்க் கை வைக்காட்டி அந்தாளுக்கு அவமானம். போகாட்டி மருமகனுக்கு அவமானம்."

"மவுத்தாப் போனா எனக்கு அவமானம்."

ஜும்ஆத் தொழுகை முடிந்து குடும்பத்தோடு போனோம். பாய் விரித்து, சஹன் வந்து இறங்கியது. சுற்றி ஆறு பேர். மீராமுகைதீன், அவருடைய தம்பியான முஸ்தாக்கின் வாப்பா, ஓய்வுபெற்ற பள்ளிக்கூட அதிபர் ஒருவர், பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார் ஒருவர், முஸ்தாக், நான். நெய்யின் வாசம் மூக்குக்குள் ஏறி, எட்டு மாதக் கட்டுப்பாட்டையும் ஒரே இழுப்பில் கேலி செய்தது. மீராமுகைதீன் நெஞ்செலும்புத் துண்டொன்றை எடுத்து என் பக்கம் வைத்தார். "பிஸ்மில்லாஹ். ஆரம்பிங்க சம்பந்தி."

நான் கையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

"என்ன, கழுவல்லையா?"

"கழுவினன்."

"எங்கட வீட்டுச் சாப்பாடு ருசிக்காதோ?"

"ருசிக்கும். அதான் பயம்."

யாரும் சிரிக்கவில்லை. முஸ்தாக்கும் கையைப் பின்னால் எடுத்தார். அவருடைய வாப்பா முகம் சிவந்து, "நீ என்ன மகன்? கலியாணம் முடிச்சு நாப்பது நாளாகல்ல, மாமனார்ர ஆளாப் போயிட்டியா?" என்றார்.

"மாமா தின்னாட்டி நான் தின்னமாட்டன் வாப்பா."

மீராமுகைதீனின் குரல் தணிந்தது. பெரிய குரல் தணிவதுதான் பயம். "சம்பந்தி. இண்டைக்கு நீங்க இதில கை வைக்காட்டி நான் ஊருக்க எப்படித் தலை நிமித்திற?"

பகிடி ஒன்று தேடினேன். ஒன்றும் கிடைக்கவில்லை. அதனால் உண்மையைச் சொன்னேன். நெஞ்சில் ஏறி நின்ற மாட்டு வண்டியைச் சொன்னேன், கிணற்றடியைச் சொன்னேன், யன்னலடியில் பார்த்ததைச் சொன்னேன். "என்ர இரத்தம் வெள்ளையா இரிந்திச்சு. என்ர கண்ணால பார்த்தன். இன்னொருதரம் நெஞ்சடைச்சா எனக்குக் கொழும்பு இல்ல. இந்தத் துண்டு ஹலால்தான், எனக்குத்தான் ஹறாமாப் போச்சு. என்ன மன்னிச்சிக்கங்க."

சோற்றின் ஆவி எங்கள் ஆறு பேருக்கும் நடுவில் எழும்பி நின்றது.

முதலில் அசைந்தவர் அதிபர். சட்டைப்பையிலிருந்து குளிசை போட்ட சின்ன பிளாஸ்டிக் பை ஒன்றை எடுத்துப் பாயில் வைத்தார். "எனக்குச் சீனி வருத்தம். ஏழு வருஷம்" என்றார், வகுப்பில் பிழை ஒப்புக்கொள்ளும் பிள்ளை போல.

மரைக்கார் இடுப்பு மடிப்பை அவிழ்த்தார். அங்கே ஒரு பொட்டலம். "பிரஷர். விருந்துக்கு வாற நாளையில ரெண்டாப் போடுற."

"அப்படிப் போடப்படா" என்றார் முஸ்தாக், பழக்க தோஷத்தில். அதற்குள் அவருடைய வாப்பா தொண்டையைச் செருமினார். "எனக்கும் கொழுப்புக் கூட எண்டு செல்லிரிக்காங்க."

"ஆரு வாப்பா? எங்க பார்த்த?"

"மட்டக்களப்பில. உன்ட லெப்பில பார்த்தா உனக்குத் தெரிஞ்சிடும்தானே."

முஸ்தாக் தன் வாப்பாவைப் பார்த்த பார்வையை நான் மறக்கமாட்டேன். ஊரின் இரத்தமெல்லாம் அவர் கையால் போகிறது. பெற்றவரின் இரத்தம் மட்டும் முப்பது மைல் பஸ் ஏறி ஒளிந்திருக்கிறது.

கடைசியாக எல்லாரும் மீராமுகைதீனைப் பார்த்தோம். அவரிடம் பொட்டலம் இல்லை. நெஞ்செலும்புத் துண்டையே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "நான் ஒண்டும் போடுறல்ல. ஆனா பள்ளிக்கு நடக்கக்கொள்ள, மூணாவது லைட் தூணுக்கிட்ட நெஞ்சில அமத்தும். நிண்டு, செருப்பு வாரச் சரி பண்ணுற மாதிரிக் குனிவன். கொஞ்சத்தில போயிடும்."

"எவ்வளவு காலமா பெரிய வாப்பா?" முஸ்தாக்கின் குரல் மாறியிருந்தது. லெப்பில் என்னிடம் கேட்ட அதே குரல்.

"நோன்புக்கு முந்தியிருந்து."

"நாளைக்குக் காலையில என்னோட வாறீங்க. முதல்ல ஈசீஜீ. தயிர் தின்னாம."

"அதுக்குள்ள ஒண்டும் ஆகாதே?"

அந்தப் பெரிய உடம்பிலிருந்து வந்த சின்னக் கேள்வி அது. எனக்கு அதன் ருசி தெரியும். ஆஸ்பத்திரி முகட்டைப் பார்த்துக்கொண்டு நானும் கேட்டிருக்கிறேன்.

திரைச்சீலைக்கு அப்பாலிருந்து அவருடைய மனைவி சபியா உம்மாவின் சத்தம் வந்தது. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாள். "இத்தின மாசமா செருப்பு வார் அறுந்து அறுந்து போகுது எண்டு நானும் புதுச் செருப்பா வாங்கிக் குடுக்கன்" என்றாள். பிறகு, "ரெண்டு அண்டா ஆக்கி வைச்சிரிக்கன். இப்ப இத ஆருக்குக் குடுக்கிற?" என்றாள்.

"நீங்க பொம்பிளைகள் என்ன தின்னுறீங்க?" என்று கேட்டேன்.

"எங்களுக்கு இந்த நெய் வாசம் மூணு நாளா ஒட்டிப் போச்சு. குத்தரிசிச் சோறும் கங்குன் கீரையும் சூரை மீன் ஆணமும் வேறயா ஆக்கி வைச்சம். அத விருந்தாளிக்கு வைக்க ஏலுமா?"

மீராமுகைதீன் என்னைப் பார்த்தார். நான் முஸ்தாக்கைப் பார்த்தேன்.

"கொண்டாங்க" என்றார் மீராமுகைதீன்.

இரண்டு அண்டாவும் மதரஸாவுக்குப் போயின. எங்கள் நடுவில் சிவப்புச் சோறும் பச்சைக் கீரையும் வந்து இறங்கின. ஆறு கையும் ஒன்றாக இறங்கின. அதுவே அமிர்தம் என்று எழுதினால் என்னை அறிந்தவர்கள் சிரிப்பார்கள். நெய்ச்சோறுதான் ருசி, அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் அந்தச் சஹனில் யாரும் யாருக்காகவும் சாப்பிடவில்லை. வயிறு போதும் என்றதும் அதிபர் கையை எடுத்தார், பிறகு மரைக்கார், பிறகு நான். சட்டம் முறிந்த சத்தம் ஒன்றும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டுப் பெண்கள் வேனில் போனார்கள். நானும் முஸ்தாக்கும் கடற்கரை ரோட்டால் நடந்தோம். அஸர் தொழுகைக்கு இன்னும் நேரம் இருந்தது. மீனவர் வள்ளங்களை மேலே ஏற்றிக் கவிழ்த்திருந்தார்கள். நெஞ்சு நோகவில்லை. அடுத்த கிழமை நோகலாம், மூன்று மாதம் கழித்து எடுக்கப்போகும் இரத்தம் தெளிந்திருக்கலாம், தெளியாமலும் இருக்கலாம். போன வெட்டுகள் போனவைதான் என்று முஸ்தாக் ஒளிக்காமல் சொல்லியிருந்தார். இருந்தும் எனக்கு வேறொன்றுதான் கேட்க வேண்டியிருந்தது.

"மருமகன், இந்த நேரத்தில அவங்க என்ன செய்றாங்க?"

"ஆரு மாமா?"

"உள்ளுக்கு இரிக்கிறவங்க."

"கன வேலை. சிவப்புக் கலத்த மட்டும் செல்றெண்டா, எலும்புக்குள்ள புதுசு புதுசா வந்துகொண்டு இரிக்கி. ஒரு செக்கனுக்கு இருபது லட்சம் அளவில."

நான் நின்றுவிட்டேன். "ஒரு நாளைக்கா?"

"செக்கனுக்கு."

"இப்ப, இந்தச் செக்கனில?"

"ஓம்."

"நீங்க ஓம் எண்டு செல்லக்கொள்ள?"

"அப்பயும்தான்."

அலையொன்று வந்து திரும்பியது. அதற்குள் எத்தனை முறை இருபது லட்சம் என்று பெருக்கப் பார்த்தேன், முடியவில்லை. இந்த வழுக்கைத் தலைக்கும் தொந்திக்கும், வாய் ஓயாத இந்தப் புடவைக்கடைக்காரனுக்கும், கேட்காமலே, கூலி பார்க்காமலே, கோடி கோடியாய் ஒரு வேலை. ஐந்து நேரமும் தொழுதிருக்கிறேன். ஆனால் தக்பீர் கட்டி நிற்கையில் வரவேண்டிய அந்த நடுக்கம், உண்மையைச் சொன்னால், அன்றைக்கு அந்த ரோட்டில்தான் எனக்கு முதன்முதலாக வந்தது. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தேன். ரோட்டோர மணலில் ஒரு காலை வைத்து, அது பதிந்த பிறகு மற்றதை வைத்தேன்.

முஸ்தாக் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். "ஏன் மாமா இப்படி நடக்கிறீங்க? நெஞ்சு நோகுதா?"

"இல்ல மருமகன்" என்றேன். "உள்ளுக்கு இவ்வளவு வேலை நடக்குது எண்டீங்களே. ஆட்டாம நடப்பம் எண்டு."